புல்டோசர் ஓட்டியவரும் கேட் காவலுக்குத்தானா?

பட்டாளத்திலிருந்து திரும்பும் வீரர்களை ஏஜென்சிகள் எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன?

"ஆட்கள் தேவை: எக்ஸ் சர்வீஸ்மேன். வயது 50-க்குள். 12 மணி நேர ட்யூட்டி. தங்குமிடம் இலவசம். கன் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை."

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரங்களில் இப்படி ஒன்று கண்ணில் படாமல் போகாது. ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர் மாறும், கீழே இருக்கும் கைபேசி எண் மாறும், வாசகம் மாறாது. கொடுத்தவர் யார் என்று பார்த்தால் வேலை தரும் கம்பெனி அல்ல, ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி. ராணுவத்தில் என்ன வேலை பார்த்தீர்கள், என்ன ட்ரேடு, என்ன இயந்திரம் ஓட்டத் தெரியும் என்ற கேள்வி அந்த விளம்பரத்தில் எங்கேயும் இருக்காது. பட்டாளத்தில் இருந்தவர் என்றால் போதும், கேட்டில் நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை.

ஆண்டுதோறும் முப்படைகளிலிருந்தும் சுமார் 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். ஓய்வு என்றதும் பேரன் பேத்தி எடுத்த வயது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானோர் 35 முதல் 45 வயதுக்குள் வெளியே வருபவர்கள். படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அரசே வகுத்த ஏற்பாடு இது. சிப்பாயாகச் சேர்ந்து சிப்பாயாகவே இருப்பவருக்கு 17 ஆண்டு சேவை. நீட்டிப்புக் கிடைத்தால் 19. நாயக், ஹவில்தார் என்று பதவி ஏறினால் இன்னும் சில ஆண்டுகள் கூடும். 19 வயதில் சேர்ந்தவர் 36-ல் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பும்போது மூத்த பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருக்கும். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்.

ஓய்வூதியம் இல்லையா? இருக்கிறது. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தில் 2022 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அட்டவணைப்படி, சிப்பாய்க்கு 2019 ஜூலை முதல் திருத்தப்பட்ட ஓய்வூதியம் மாதம் 19,726 ரூபாயாக இருந்தது. அதன் மேல் கிராக்கி நிவாரணம். கிராமத்தில் அப்பா அம்மாவோடு இருந்தால் வண்டி ஓடும். பிள்ளைகளைப் படிக்கவைக்க வேலூருக்கோ மதுரைக்கோ குடிவந்தால் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே சரியாகப் போய்விடும். இன்னொரு வேலை தேடியே ஆக வேண்டும். ஊரில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தவர்களோடும் 17 ஆண்டுகளாக வருடாந்திர விடுமுறையில் பார்த்த பழக்கம்தான். அதனால்தான் ஏஜென்சியின் கதவு.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமல்ல. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர். ராமநாதபுரம், தேனி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் போனாலும் பட்டாளத்துக்காரர் வீடு எது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் 1780-லிருந்து வரலாறு சொல்லும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற மெட்ராஸ் சாப்பர்ஸ். பின்னதில் இருப்பவர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் செல்லமாக அழைக்கும். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பனிமலையில் பாதை வெட்டுவது எல்லாம் தம்பிகளின் வேலை. அந்தத் தம்பிகளில் ஒருவர், புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் ஓட்டியே சேவையைக் கழித்த ஒரு ஹவில்தார், ஏஜென்சி அலுவலகத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும்?

ஃபீல்டு ஆபீசர் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் புரட்டுவார்.

"எந்த ரெஜிமென்ட் சார்?"

"மெட்ராஸ் சாப்பர்ஸ்."

"சந்தோஷம். தண்ணி கிண்ணி?"

"இல்லைங்க."

"கன் லைசென்ஸ் இருக்கா?"

"எடுக்கலைங்க."

"சரி, பரவாயில்லை. பென்ஷன் எவ்வளவு வருது?"

அவ்வளவுதான். நாளைக்கே யூனிஃபார்ம் அளவு கொடுத்துவிடலாம். விண்ணப்பப் படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'ஆர்மி, 22 வருஷம்' என்று ஒரே வரி. என்ன இயந்திரம், எத்தனை டன், எந்த உயரத்தில், கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. ஏஜென்சிக்காரர் கேட்பதும் இல்லை. இவர் சொல்வதும் இல்லை. கேட்டால் பதில் சொல், கேட்காவிட்டால் சும்மா இரு என்று பழக்கப்பட்ட மனிதர். தன்னைப் பற்றித் தானே நாலு வார்த்தை எடுத்துவிடுவது அவருக்குத் தற்பெருமையாகப் படும்.

இந்த இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. ராணுவம் என்பது துப்பாக்கி தூக்கியவர்களால் மட்டும் ஆனதல்ல. எம்.டி. டிரைவர், சிக்னல்ஸ் ஆபரேட்டர், வெஹிக்கிள் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், கிளார்க், ஸ்டோர் கீப்பர், நர்ஸிங் அசிஸ்டென்ட், செஃப் என்று பெரிய பட்டியல். ஒரு முழு ஊரை நடத்தத் தேவையான அத்தனை தொழிலும் அங்கே உண்டு. ஒவ்வொரு ராணுவ ட்ரேடுக்கும் சமமான சிவில் தொழில் எது என்று ஒப்பிட்டுக் காட்டும் அரசுக் கையேடே இருக்கிறது. கேட்டில் ஆள் நிறுத்தும் ஏஜென்சியின் மேசையில் அதற்கு வேலை இல்லை.

ஸ்டோர் கீப்பரை எடுத்துக்கொள்வோம். பின் கார்டு, லெட்ஜர், ஸ்டாக் சரிபார்ப்பு, ஆடிட் வந்தால் ஒரு போல்ட்டுக்கும் கணக்குச் சொல்வது என்று பதினைந்து ஆண்டுகள் பழகியவர். ஒரகடத்திலும் செங்குன்றத்திலும் கிடங்கு கிடங்காக எழும்பியிருக்கும் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகள் தேடும் ஆள் இவர்தான். ஏஜென்சி வழியாகப் போனால் அதே கிடங்கின் வாசலில், லாரி எண்ணையும் உள்ளே வந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பார். உள்ளே ஸ்டாக் கணக்கு இடிக்கிறது என்று மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொள்வது அவர் காதிலும் விழும்.

எல்லா ட்ரேடும் இப்படி நேராகப் பொருந்தும் என்று சொல்வதும் நியாயமல்ல. ராணுவ மருத்துவமனையில் நர்ஸிங் அசிஸ்டென்டாக இருந்தவர் போர்முனைக் காயங்களுக்கே கட்டுப்போட்டவராக இருக்கலாம். ஆனால், மாநில நர்ஸிங் கவுன்சிலின் பதிவு இல்லாமல் வெளியே செவிலியர் பணியில் சேர முடியாது. ராணுவ டிரைவரும் அப்படித்தான். லடாக்கில் மூன்று டன் வண்டி ஓட்டியவர் என்றாலும் சிவில் கனரக உரிமம் கையில் இருந்தால்தான் பள்ளிப் பேருந்துக்காரர்கூடச் சாவியைக் கொடுப்பார்.

ஏஜென்சி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. வகைக்கு வகை சம்பளம் மாறும்.

முதல் வகை, அரசு நடத்துவது. தமிழ்நாட்டில் அது டெக்ஸ்கோ. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம். 1986-ல் மாநில அரசு தொடங்கிய நிறுவனம். பஞ்சாபில் பெஸ்கோ, உத்தராகண்டில் உப்னல் என்று மற்ற மாநிலங்களிலும் இதன் சகோதரர்கள் உண்டு. மின் வாரியம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் ஆள் கேட்கும், டெக்ஸ்கோ அனுப்பும். பி.எஃப். ஒழுங்காகக் கட்டப்படும், சம்பளத்துக்கு ரசீது இருக்கும், லாபத்துக்காக ஆள் வயிற்றில் அடிக்கும் முதலாளி இல்லை. குறை என்று பார்த்தால், இங்கேயும் பெரும்பாலும் காவல் வேலைதான். அதுவும் ஒப்பந்த வேலை. சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, டி.ஜி.ஆர். என்று பட்டாளத்துக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் மறுகுடியமர்வுத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள ஏஜென்சிகள். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் இந்த அலுவலகம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஏஜென்சி தொடங்கிப் பட்டியலில் இடம்பெறலாம். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் காவலர் கேட்டால் டி.ஜி.ஆர். பட்டியலிலிருந்து பெயர்களைப் பரிந்துரைக்கும். அனுப்பும் ஆட்களில் 90 சதவிகிதமாவது முன்னாள் படைவீரர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சம்பள விகிதத்தை ஏஜென்சியும் கம்பெனியும் பேரம்பேசி முடிவுசெய்ய முடியாது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியை ஒட்டி டி.ஜி.ஆரே நிர்ணயிக்கும்.

அந்தக் கூலி எவ்வளவு? 2024 அக்டோபர் 1 முதல் அமலான மத்திய அரசு விகிதத்தின்படி, பெருநகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதியில் ஆயுதம் இல்லாத காவலருக்கு நாளொன்றுக்கு 954 ரூபாயாக இருந்தது. மாதக் கணக்கில் 24,804. ஆயுதத்தோடு நிற்பவருக்கு 1,035, மாதம் 26,910. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆயுதம் இல்லாத காவலரை அந்த அறிவிப்பு திறன்பெற்ற தொழிலாளியோடும், ஆயுதம் ஏந்தியவரை உயர்திறன் தொழிலாளியோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. காவல் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று அபார்ட்மென்ட் கூட்டங்களில் பேசுபவர்கள் படித்துப் பார்க்கலாம்.

மூன்றாம் வகைதான் நாம் தெருவுக்குத் தெரு பார்ப்பது. தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகள். இவற்றை நெறிப்படுத்த 2005-ல் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. ஆள் எடுப்பதில் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். மத்திய மாதிரி விதிகளின்படி, புதிதாக வருபவருக்கு வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் சலுகை: 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப் பயிற்சி போதும். நடைமுறையில் பல இடங்களில் பயிற்சி என்பது பழைய காவலர் புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் மோட்டார் ரூமையும் கழிவறையையும் காட்டுவதோடு முடிந்துவிடும்.

பெரிய, ஒழுங்கான கம்பெனிகளும் இந்த வகையில் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், 12 மணி நேர ஷிஃப்ட்டை எட்டு மணி நேரச் சம்பளத்தில் அடக்குவது, வாரவிடுப்பு எடுத்தால் அன்றைய கூலியை வெட்டுவது, ரிலீவர் வராவிட்டால் இரவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது எல்லாம் இந்தத் தொழிலில் புழங்குபவர்களுக்கு அன்றாடச் செய்தி. கம்பெனி தலைக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்குக் கொடுக்கும் தொகைக்கும், காவலர் கையில் விழும் தொகைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது காவலருக்குத் தெரிவதே இல்லை. யூனிஃபார்ம் பணம், டெபாசிட் என்று சேரும்போதே பிடித்தம் தொடங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது.

இப்போது ஃபீல்டு ஆபீசரின் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். பென்ஷன் எவ்வளவு வருகிறது என்று எதற்குக் கேட்கிறார்கள்? சம்பளத்தைக் குறைக்கத்தான். "அதான் பென்ஷன் வருதே சார், இது மேல்வருமானம்தானே" என்பது இந்தத் தொழிலின் தேசிய கீதம். நாடு கொடுக்கும் ஓய்வூதியத்தை ஏதோ ஒரு கம்பெனி தன் சம்பளச் செலவிலிருந்து கழித்துக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால் அரசு அந்தக் கம்பெனிக்கே மானியம் கொடுப்பதாகத்தான் அர்த்தம். இத்தனைக்கும் அதே அரசு, அதிகாரி அல்லாத முன்னாள் வீரர் ஒருவரைத் தன் அலுவலகத்தில் மறுபடி வேலைக்கு எடுத்தால் அவருடைய ராணுவ ஓய்வூதியத்தை ஒரு ரூபாய்கூடச் சம்பளக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கிறது. விதி அப்படி. தனியார் சந்தையில் அந்த விதிக்கு மதிப்பில்லை.

அப்படியானால் அரசு வேலைக்கே போகலாமே என்று தோன்றும். ஒதுக்கீடு தாராளமாகத்தான் இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணியிடங்களில் 10 சதவிகிதம், குரூப் டி-யில் 20 சதவிகிதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசுடைமை வங்கிகளிலும் குரூப் சி-யில் 14.5 சதவிகிதம், குரூப் டி-யில் 24.5 சதவிகிதம், இதில் ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உரிய 4.5 சதவிகிதம் அடக்கம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவிகிதம் உண்டு.

வயதுக் கணக்கைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ராணுவச் சேவை ஆண்டுகளையும் கூடுதலாக மூன்றையும் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 17 ஆண்டு பணியாற்றிய 40 வயதுக்காரர் தேர்வுக் கணக்கில் 20 வயது இளைஞர்! படிப்பிலும் சலுகை உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்று பெற்று, 15 ஆண்டு பணியாற்றியவர், பட்டப்படிப்பு கேட்கும் பல குரூப் சி ஒதுக்கீட்டுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் நிலவரம் என்ன? 2021 ஜூன் இறுதி நிலவரப்படி டி.ஜி.ஆரிடம் இருந்த தரவுகள் முகத்தில் அறைகின்றன. கணக்குக் கொடுத்த மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி ஊழியர்கள் 10,84,705 பேர். அவர்களில் முன்னாள் படைவீரர்கள் 13,976. அதாவது 1.29 சதவிகிதம். குரூப் டி-யில் 3,25,265 பேருக்கு 8,642, 2.66 சதவிகிதம். பத்துக்கு ஒன்றேகால், இருபதுக்கு இரண்டரை. தகுதியான முன்னாள் வீரர் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டால் அந்த இடம் மற்றவர்களுக்குப் போய்விடும். தேர்வில் தேறாதவர்கள் ஒரு பக்கம் என்றால், அறிவிப்பு வந்ததே தெரியாமல் கேட்டில் நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னொரு பக்கம். 12 மணி நேர ட்யூட்டி முடித்து வருபவர் எந்த நேரத்தில் கணிதமும் பொது அறிவும் படிப்பார்?

பலர் அறியாத விதி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். "ஒரு தடவை வேலைக்குப் போயிட்டா கோட்டா போயிடும்" என்று பயந்து ஏஜென்சி வேலையைக்கூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லாத பயம். மத்தியப் பணியாளர் துறையின் 2014 ஆகஸ்ட் மாத உத்தரவின்படி, தனியார் நிறுவனத்திலோ ஒப்பந்த அடிப்படையிலோ வேலை பார்ப்பவர், எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படக் கூடியவர் என்பதால், ஒதுக்கீட்டு உரிமையை இழப்பதில்லை. நிரந்தர அரசு வேலையில் சேருபவர்தான் கவனமாக இருக்க வேண்டும். அவரும், சேருவதற்கு முன்பே விண்ணப்பித்த மற்ற தேர்வுகளின் பட்டியலைச் சேர்ந்தவுடன் சுய உறுதிமொழியாகக் கொடுத்துவிட்டால், அந்தத் தேர்வுகளுக்கு ஒதுக்கீடு நீடிக்கும்.

கன்மேன் வேலை தனி உலகம். நகைக்கடை, வங்கி, ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வேன் ஆகியவற்றுக்குத் துப்பாக்கி உரிமம் உள்ளவர்தான் தேவை. பணப் போக்குவரத்துக்கான 2018 விதிகளின்படி ஒரு வேனில் டிரைவர் தவிர இரண்டு காவலர்கள் இருந்தாக வேண்டும். ஒரு நடையில் ஐந்து கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது. முன்னாள் வீரர் சொந்தச் செலவில் துப்பாக்கி வாங்கி, ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து உரிமம் எடுத்து, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் முக்கியம். ஒரு மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேனில் போக முடியாது. தேர்தல் அறிவித்துவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிப் பணியில் இருப்பவர் விலக்குக் கேட்டு மனுப் போட வேண்டும். இவருடைய துப்பாக்கியைக் காட்டி ஏஜென்சி ஒப்பந்தம் எடுக்கும். அந்தத் துப்பாக்கிக்கு வாடகை என்று தனியாக ஏதும் கேட்கத் துணிந்தவர்கள் குறைவு.

வங்கி என்றதும் இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் செக்யூரிட்டி கார்டு பணிக்கு முன்னாள் படைவீரர்கள் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். 2021-ல் நாடு முழுக்க 241 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இதுவும் காவல் வேலைதான். ஆனால் வங்கியின் நேரடி ஊழியர். நடுவில் ஏஜென்சி கிடையாது. அதேபோல, சீருடையை விட மனமில்லாதவர்களுக்கு டி.எஸ்.சி. இருக்கிறது. கண்ணூரில் மையம் கொண்ட பாதுகாப்புக் காவல் படை, ஓய்வுபெற்றவர்களை மறுபடி சேர்த்துக்கொண்டு ராணுவ நிலையங்களைக் காக்கவைக்கிறது. உரிய ஆண்டுகள் பணியாற்றினால் இரண்டாவது ஓய்வூதியமும் கிடைக்கும்.

அதிகாரிகளின் கதை வேறு. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து குறுகிய கால கமிஷனில் போனவர்கள் பத்து அல்லது பதினான்கு ஆண்டில் மேஜராகவோ லெப்டினன்ட் கர்னலாகவோ வெளியே வருவார்கள், ஓய்வூதியம் கிடையாது. ஆனாலும் இவர்களுக்காக ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் 24 வார மேலாண்மைப் படிப்பை டி.ஜி.ஆர். நடத்துகிறது, கட்டணத்தில் 60 சதவிகிதம் அரசினுடையது. படித்து முடித்ததும் கம்பெனிகள் தேடி வருகின்றன. நிர்வாகத் தலைவர், சப்ளை செயின் மேலாளர், ஃபெசிலிட்டி ஹெட் என்று பதவிகள். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு ஏஜென்சி என்பது கதவைத் திறந்துவிடும் ஆள். எழுதத் தெரியாத ஹவில்தாருக்கு அதே ஏஜென்சிதான் கதவு, சுவர் எல்லாம்.

முப்படைகளும் தங்கள் ஆட்களுக்காகவே வேலைவாய்ப்பு அமைப்புகளை வைத்திருக்கின்றன. ராணுவத்துக்கு ஏ.டபிள்யூ.பி.ஓ., கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி. சிப்பாயிலிருந்து ஜெனரல்வரை யாரும் பதிவுசெய்யலாம். இவற்றின் பலம், ட்ரேடு என்னவென்று அவர்களுக்குப் புரியும் என்பதுதான். 2019 ஆகஸ்டில் அமேசான் இந்தியா தன் கிடங்குகளில் முன்னாள் படையினரை அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியபோது டி.ஜி.ஆரோடும் ஏ.டபிள்யூ.பி.ஓ.வோடும்தான் கைகோத்தது. நம் ஸ்டோர் கீப்பர் கிடங்குக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்து விளம்பரத்தைப் பார்த்து ஓடுவதற்கு முன், சேவையில் இருக்கும்போதே இங்கே பெயரைப் போட்டுவைப்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

வெளிநாடு? இங்கேதான் ஏமாற்று அதிகம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறார் என்றால் அவர் ஏஜென்ட்டே அல்ல. துபாயில் காவலராக நிற்க அந்த ஊர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் பயிற்சியும் தேர்வும் முடித்து அட்டை வாங்க வேண்டும். மிலிட்டரி சர்டிஃபிகேட் இருந்தால் போதும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பக்கத்து நாட்டில் நடந்ததை இங்கே யாரும் மறக்கக் கூடாது. நல்ல சம்பளம், பின்கள வேலை என்று முகவர்கள் ஆசை காட்ட, ஓய்வுபெற்ற இலங்கை வீரர்கள் நூற்றுக்கணக்கில் ரஷ்யா-உக்ரைன் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குறைந்தது 16 பேர் இறந்துவிட்டதாக 2024 மே மாதம் இலங்கை அரசே அறிவித்தது. 2024 மார்ச்சில் இந்தியாவிலும் இதே போன்ற ஆள்பிடிப்புக் கும்பல் மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது.

எல்லாம் சொன்ன பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது: கடைசி ஒரு வருடம். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த ஒரு வருடத்தில் முடிவாகிவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஓய்வுக்கு முன் டி.ஜி.ஆர். நடத்தும் பயிற்சி வகுப்புகள் ஜவான்களுக்கு இலவசம். தீயணைப்பும் தொழிலகப் பாதுகாப்பும், கணினி, வாகனப் பழுதுபார்ப்பு என்று நிறைய உண்டு. பலர் அதை ஊருக்குப் பக்கத்தில் சில மாதங்கள் இருக்கக் கிடைத்த வாய்ப்பாகப் பார்க்கிறார்கள். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தைப் பார்க்காமல் ஊரைப் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ட்ரேடு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, முடித்த கோர்ஸ்கள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்பதை யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். வந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் ரெக்கார்டு ஆபீஸுக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு. அங்கே அடையாள அட்டையோடு வேலைவாய்ப்புப் பதிவும் நடக்கும்; டெக்ஸ்கோ உள்ளிட்ட பல வேலைகளுக்கு வழி அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் புல்டோசர் ஹவில்தார் கட்டுமானக் கம்பெனிக்கு நேராகப் போயிருந்தால்? இயந்திர ஆபரேட்டருக்கு நம்மூரில் வேலைப் பஞ்சம் கிடையாது. இன்னும் துணிந்தவர் என்றால் சொந்தமாக ஒரு எர்த்மூவர் வாங்கலாம். தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தின விழாவில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடன், 30 சதவிகிதம் மூலதன மானியம், 3 சதவிகிதம் வட்டி மானியம் உண்டு. கடன் என்றாலே கைகூப்பிவிடும் குடும்பங்கள் இதில் இறங்க யோசிக்கும். அந்தத் தயக்கமும் புரிந்துகொள்ளக் கூடியதே.

இதெல்லாம் ஓய்வூதியத்தோடு வருபவர்களின் கதை. அடுத்து வருபவர்கள் வேறு மாதிரி. 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட, நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில் முதல் ஆண்டுக்கு 46,000 பேர் என்று கணக்கு. ராணுவத்தின் முதல் அணிக்கு 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கியது. அவர்களின் நான்கு ஆண்டு 2026 கடைசியோடு முடிகிறது. நான்கில் ஒருவர்வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியை வாங்கிக்கொண்டு, இருபதுகளிலேயே வெளியே வருவார்கள். ஓய்வூதியம் இல்லை. பணி நிபந்தனைகளின்படி 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் இல்லை.

இதன் பொருளை ஏஜென்சி உலகம் இன்னும் முழுதாக உணரவில்லை. டெக்ஸ்கோவோ, டி.ஜி.ஆர். பட்டியலோ, குரூப் சி ஒதுக்கீடோ, ரிசர்வ் வங்கிக் காவலர் பணியோ, எல்லாமே அந்த ஒரு தகுதியை வைத்துக் கட்டியவை. இந்தத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்களுக்குத் தனியாக மத்திய ஆயுதக் காவல் படைகளில் 2022-ல் 10 சதவிகிதம் ஒதுக்கினார்கள். ஹரியானா 2024-ல் தன் காவலர், வனக்காவலர் போன்ற பணிகளில் 10 சதவிகிதம் அறிவித்தது. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று, இக்னோ மூலம் பட்டப்படிப்பு, வெளியேறும்போது கற்ற திறனைக் குறிப்பிடும் சான்றிதழ் ஆகியவையும் திட்டத்தில் உண்டு. ட்ரேடு என்ன என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பும் அந்தச் சான்றிதழை ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர்கள் படிப்பார்களா என்பது 2027 தொடக்கத்தில் தெரிந்துவிடும்.